கடன் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை

வங்கித் தேர்வில் தம்பி தேர்வாகிவிட்டான் என்ற செய்தி வந்த அன்று எங்கள் மன்றத்தில் கேசரி கிண்டினோம். மன்றம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. காலனி முகப்பில், அண்ணல் சிலைக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஓட்டுக் கொட்டகை. சமூகப் பணியில் இருக்கிற நாங்கள் மூன்று பேர் அங்கே மாலையில் போட்டித் தேர்வு வகுப்பு நடத்துகிறோம். குரூப் நான்கில் சிலர் போயிருக்கிறார்கள், காவல் துறைக்குச் சிலர் போயிருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலிருந்து வங்கிக்கு யாரும் போனதில்லை. இவன்தான் முதல் ஆள். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தம்பி என்றே சொல்கிறோம்.

மூன்று வாரம் கழித்து அதே தம்பி கையில் ஒரு தாளோடு வந்து நின்றான்.

"அக்கா, சிபில்ல ஏதோ செட்டில்டுன்னு இருக்காம். என்ஓசி கேக்கறாங்க. இல்லேன்னா ஆர்டர் தர மாட்டாங்களாம்."

அந்தத் தாளைப் பார்த்ததும் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த 'செட்டில்டு' என்ற சொல் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஏற யோசனை சொன்னவர்களே நாங்கள்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறோம். தம்பி 2014இல் பொறியியலில் சேர்ந்தான். சுயநிதிக் கல்லூரி. உதவித்தொகை வந்தது, ஆனால் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. கல்லூரியோ முதலில் கட்டு, வந்ததும் எடுத்துக்கொள் என்றது. விடுதி, பேருந்து, தேர்வுக் கட்டணம் என்று எல்லாமாகச் சேர்த்து 1,80,000 ரூபாய் கல்விக்கடன். கடன்காரர் பெயர் தம்பி, உடன் கையெழுத்து அப்பா. பதினேழு வயசுப் பிள்ளைக்கு அன்று தெரிந்ததெல்லாம் கையெழுத்துப் போட்டால் படிக்கலாம் என்பது மட்டும்தான்.

படிப்பு 2018இல் முடிந்தது. கல்விக்கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இந்தக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கிற திட்டம் ஒன்று 2009 முதல் இருக்கிறது, ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் போதும் என்று. தம்பியின் வீட்டு வருமானம் அந்த எல்லையின் பக்கத்தில்கூட வராது. அப்படி ஒரு திட்டம் இருப்பதை அவனுக்குச் சொன்னவர் யாரும் இல்லை. அன்று எங்களுக்கும் தெரியாது.

2019இல் தவணை தொடங்கியது. அதே ஆண்டு சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து அப்பா விழுந்தார். இடுப்பு எலும்பு. மேஸ்திரி கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டுக் காணாமல் போனார். தம்பி அப்போது ஒரு கம்பெனியில் மாதம் 9,000 ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தான். அதில் தவணை கட்டினால் வீட்டில் அரிசி இல்லை. 90 நாள் தவணை கட்டாவிட்டால் அந்தக் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். அப்படியே ஆனது. மறு ஆண்டு கொரோனா வந்தபோது ரிசர்வ் வங்கி தவணையைத் தள்ளிவைக்கச் சலுகை தந்தது அல்லவா? அது ஒழுங்காக இருந்த கணக்குகளுக்கு. ஏற்கெனவே வாராக்கடன் ஆனவர்களுக்கு இல்லை. முன்பே விழுந்துவிட்டவனை அந்தக் கை தூக்கவில்லை.

2022இல் லோக் அதாலத்துக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்தது. நிலுவை 3,05,000 ரூபாய் ஆகியிருந்தது. ஒரே தடவையில் 1,30,000 கட்டினால் முடித்துக்கொள்கிறோம் என்றார்கள். தம்பி எங்களிடம் வந்தான். நாங்கள் சந்தோஷமாகச் சொன்னோம்: "கட்டிடுடா, பாரம் போச்சு." அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. மகளிர் குழுவில் ஒரு கடன் எடுத்தார்கள். மீதி சித்தப்பா கொடுத்தார். பணம் கட்டி ரசீது வாங்கி வந்த அன்று, அப்பா பல மாதம் கழித்து ஊர்த் திருவிழாவுக்குப் போய் வந்ததாகத் தம்பி சொன்னான்.

எங்களுக்குத் தெரியாமல் போனது இதுதான். கடனை முழுசாகக் கட்டினால் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வரும். பேசிக் குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று வரும். கட்டியவனுக்கு இரண்டும் ஒன்று. அறிக்கையைப் படிக்கிறவருக்கு, முதலாவது கடனை அடைத்தவன், இரண்டாவது முழுசாகத் தராதவன். சமூகவியலில் முதுகலை படித்தோம், கிராமக் கடன் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினோம். இந்த ஒரு சொல்லின் வித்தியாசம் தெரியாமல் ஒரு பையனுக்கு யோசனை சொன்னோம்.

வங்கிகள் ஏன் இதைப் பார்க்கின்றன? நேர்மையாகவே பார்ப்போம். ஊரார் பணத்தைக் கையாளுகிற வேலை. கடன் நெருக்குகிற ஆளுக்குச் சபலம் வரலாம், யாராவது அவரை விலைபேசலாம் என்பது அவர்கள் வாதம். அந்தக் கவலையில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பாரத ஸ்டேட் வங்கியின் 2020ஆம் ஆண்டு அதிகாரி பணி அறிவிப்பில், கடன் தவணையோ கிரெடிட் கார்டு பாக்கியோ தவறிய பதிவு உள்ளவர்களுக்குத் தகுதி இல்லை என்ற நிபந்தனை இருந்தது. தேர்வாகி நியமனம் பெற்ற ஒருவரின் நியமனம் இதன்பேரில் 2021இல் ரத்தானது. கடன்களைக் கட்டி முடித்துவிட்டேன் என்று அவர் வாதாடினார். சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் வங்கி செய்தது சரி என்று தீர்ப்பளித்தது. பொதுப் பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டும், நிபந்தனையை அறிந்தேதான் அவர் விண்ணப்பித்தார் என்பது தீர்ப்பின் சாரம்.

மற்ற அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் 2023இல் 650 என்ற மதிப்பெண் எல்லையை வைத்தது. பலரும் எதிர்த்தார்கள். அந்த எல்லை பிறகு எடுக்கப்பட்டுவிட்டது என்று 2025இல் நாடாளுமன்றத்தில் நிதித்துறை இணையமைச்சர் பதில் சொன்னார். செய்தியைப் படித்தவர்கள் சிபில் தொல்லை ஒழிந்தது என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். ஒழியவில்லை. வேலையில் சேரும்போது கடன் வரலாறு நல்லபடி இருக்க வேண்டும் என்பது இருக்கிறது. அறிக்கையில் பாதகமாக ஏதாவது இருந்தால் அதைத் திருத்த வேண்டும், அல்லது கடன் கொடுத்தவரிடம் பாக்கி இல்லை என்று என்ஓசி வாங்கித் தர வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் பணி ஆணை ரத்தாகலாம். எல்லை போனது, வாசல் அப்படியே இருக்கிறது.

தம்பியின் விஷயத்துக்குப் பிறகு, இந்த மாதிரி விதி வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் படித்தோம். அமெரிக்காவில் ராணுவ ரகசியங்களைக் கையாளும் வேலைக்குப் பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். அதற்கான விதிகள் 2017 முதல் நடைமுறையில் உள்ள ஒரு வழிகாட்டு ஆவணத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. அதில் ஒரு பிரிவு முழுக்க முழுக்கக் கடன் பற்றியது. கட்டாத கடன் இருந்தால் அனுமதி மறுக்கப்படலாம். காரணமும் நம் வங்கிகள் சொல்வதேதான்: கடனில் மூழ்கியவன் பணத்துக்காகத் தவறு செய்யலாம்.

ஆனால் அந்தப் பிரிவு அதோடு முடியவில்லை. கடன் ஏன் வந்தது என்று பார்க்கச் சொல்கிறது. வேலை போனதா, எதிர்பாராத மருத்துவச் செலவா, வீட்டில் சாவா, மணமுறிவா, ஏமாற்றிக் கொள்ளையடிக்கிற கடன்காரரிடம் சிக்கினாரா என்று கேட்கச் சொல்கிறது. காரணம் அவர் கைமீறியதாக இருந்து, அந்த நிலையிலும் அவர் பொறுப்பாக நடந்துகொண்டிருந்தால் அதை அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். கடனை அடைக்க உண்மையாக முயல்கிறாரா என்பதும் கணக்கில் வரும். இத்தனை மதிப்பெண் எடுத்தால் பாஸ் என்ற எல்லையே அதில் இல்லை. ஆளை முழுசாகப் பார்த்து முடிவெடு என்கிறது. அமெரிக்க ராணுவத்தைப் புகழ நமக்கு ஒரு காரணமும் இல்லை. அணுகுண்டு ரகசியத்தை ஒருவரிடம் கொடுப்பதற்கு முன்பே 'உனக்கு என்னப்பா ஆச்சு' என்று கேட்க முடிகிறபோது, கவுண்டரில் பாஸ்புக் பதிகிற வேலைக்கு ஏன் அந்தக் கேள்வி இல்லை என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் நாட்டிலேயே மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17ஆவது விதி இருக்கிறது. அரசு ஊழியர் எப்போதும் கடனாளியாகவே இருக்கும்படி வாழக்கூடாது என்கிறது. கூடவே, கடன் தன் கைமீறிய சூழ்நிலையால் வந்தது, ஊதாரித்தனத்தால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது என்கிறது. பொறுப்பு அவர் தலையில்தான். ஆனால் நிரூபிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. உள்ளே போனவருக்கு 'ஏன்' என்று சொல்ல ஒரு வரி கிடைக்கிறது. வாசலில் நிற்கிறவனுக்கு அந்த வரி கிடைப்பதில்லை.

இந்த 'ஏன்' தான் நம் பிரச்சினையின் மையம். ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே அளவு கடன் வாங்குகிறார்கள். இருவருக்கும் முதல் ஆண்டில் வேலை இல்லை. ஒருவனுக்கு மாமா இருக்கிறார், நிலம் இருக்கிறது, தாத்தாவின் பென்ஷன் இருக்கிறது. ஆறு மாதத் தவணையை வீட்டில் யாரோ கட்டிவிடுகிறார்கள். அவன் அறிக்கை சுத்தமாக இருக்கிறது. இன்னொருவனுக்கு இருப்பதெல்லாம் மூன்று சென்ட் இலவச மனைப்பட்டாவும், தன்னைப் போலவே கூலிக்குப் போகிற சொந்தங்களும்தான். அவன் அறிக்கையில் சிவப்பு விழுகிறது. ஒழுக்கத்தில் இருவருக்கும் என்ன வித்தியாசம்? முதலாமவன் ஒழுங்காகக் கட்டினான் என்று அறிக்கை சொல்கிறது. அவன் கட்டவே இல்லை, அவன் குடும்பத்தின் சொத்து கட்டியது. அந்தச் சொத்து எங்கிருந்து வந்தது, இன்னொருவன் வீட்டில் ஏன் வரவில்லை என்பதைச் சமூகவியல் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. ஊரில் யார் பெயரில் நஞ்சை இருக்கிறது என்று பார்த்தாலே தெரியும்.

நம் மக்களுக்குக் கடன் புதிதும் இல்லை. தாத்தன் வாங்கிய நெல்லுக்குப் பேரன் பண்ணையில் உழைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அது ஆட்களை மட்டும் விடுவிக்கவில்லை. அவர்களைக் கட்டிப்போட்டிருந்த கடன்களையே செல்லாது என்றது. கடன் எந்த நிலைமையில் வாங்கப்பட்டது என்று சட்டம் கேட்டதால்தான் அது நடந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் படிக்கப் போனார். திரும்பி வந்து 10 ஆண்டுகள் பரோடாவில் பணியாற்றுவதாக ஒப்பந்தம். 1917இல் வாக்குத் தவறாமல் போனார். அந்த ஊரில் அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கினார், கண்டுபிடித்துத் தடியோடு வந்து விரட்டினார்கள். வேலையை விட்டுவிட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார். இன்றைய அறிக்கை அதை எப்படிப் பதிந்திருக்கும்? ஒப்பந்தம் 10 ஆண்டுகள், நிறைவேற்றியது சில நாட்கள், தவறியவர். தடியோடு வந்தவர்களைப் பதிய அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

தம்பியின் கதைக்கு வருகிறோம். என்ஓசி கேட்டு, கடன் கொடுத்த கிளைக்குப் போனோம். செட்டில்மெண்ட் முடிந்த கடிதம்தான் தர முடியும், பாக்கி இல்லை என்ற சான்று வேண்டுமென்றால் தள்ளுபடி செய்த 1,75,000 ரூபாயையும் கட்டுங்கள் என்றார்கள். எங்கள் சம்பளத்திலிருந்து, பழைய மாணவர்களிடமிருந்து, தெரிந்த தோழர்களிடமிருந்து, கடைசியில் காலனி ஆட்களிடமிருந்து திரட்டினோம். நூறு நாள் வேலைக்குப் போகிற ஒரு ஆயா 200 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். "பேங்குல நம்ம புள்ள ஒக்காந்தா, நாளைக்கி என்னை அஞ்சு தடவ அலைய வைக்க மாட்டான்ல" என்றார். பணம் பதினோரு நாளில் சேர்ந்தது. கட்டிவிட்டோம். ஆனால் சான்று கொடுக்க மேல் அலுவலக ஒப்புதல் வேண்டும் என்று கிளையில் சொன்னார்கள். சேரவேண்டிய தேதியை ஒருமுறை நீட்டித்துத் தந்தார்கள், இரண்டாவது முறை தரவில்லை. சான்று வந்தபோது தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

தம்பி இப்போது உணவு டெலிவரி செய்கிறான். இரவில் வந்து எங்கள் வகுப்பில் கணக்குப் பாடம் எடுக்கிறான், அடுத்த தேர்வுக்கும் படிக்கிறான். அவன் அறிக்கையில் இப்போது 'குளோஸ்டு' என்று மாறிவிட்டது. ஆனால் முன்பு தவணை தவறிய மாதங்கள் இன்னும் பல ஆண்டுகள் அதில் தெரியும். அவன் எங்களைக் குறை சொன்னதில்லை. அதனாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறது.

வாங்கிய கடனைக் கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் மக்களைப் போலக் கடனுக்குப் பயப்படுகிறவர்கள் யாருமில்லை. நாங்கள் கேட்பது மூன்று. தவணை தவறிய பதிவு இருந்தால், பணி ஆணையை ரத்து செய்யும் முன் காரணம் கேட்கும் ஒரு விசாரணை வேண்டும், மருத்துவச் செலவும் வேலையிழப்பும் கைமீறிய காரணங்களாக ஏற்கப்பட வேண்டும். படிக்க வாங்கிய கடனை, ஆடம்பரத்துக்கு வாங்கிய கடனோடு ஒரே தட்டில் வைக்கக்கூடாது. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. படிக்கப் போகிற இடத்தில் பொருந்துகிற நியாயம், படித்து முடித்து வேலைக்குப் போகிற இடத்திலும் பொருந்த வேண்டும். மூன்றாவது, பணம் முழுசாகக் கட்டியவருக்குச் சான்று தரத் தாமதிப்பது வங்கி என்றால், அந்தத் தாமதத்துக்கு விண்ணப்பித்தவரின் வேலை பலியாகக்கூடாது.

இவையெல்லாம் கிடைக்கும்வரை நீங்கள் செய்ய வேண்டியவை உண்டு. புதிய வகுப்பு தொடங்கும் முதல் வாரத்திலேயே எல்லோர் அறிக்கையையும் எடுத்துவிடுகிறோம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பணம் கேட்கிற தளத்துக்குப் போகாதீர்கள். போன முறை எடுத்துப் பார்த்தபோது ஒரு தங்கையின் பெயரில் அவர் வாங்காத கடன் இருந்தது. இன்னொரு தம்பி, நண்பனுக்காகத் தன் பெயரில் தவணைக்கு எடுத்துக் கொடுத்த செல்போனுக்கு நான்கு மாத பாக்கி இருந்தது. ஒருவருக்கு, அண்ணன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது வினையாக வந்து நின்றது.

தவறான பதிவு இருந்தால் அந்த நிறுவனத்திடமே இணையவழிப் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

லோக் அதாலத்தில் குறைத்துக் கட்டச் சொன்னால், ஆமாம் என்று சொல்வதற்கு முன்பு கேளுங்கள்: என் அறிக்கையில் என்ன சொல் வரும்? வங்கி வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால், முடிந்தவரை கால அவகாசமும் வட்டிக் குறைப்பும் கேட்டு அசலை முழுசாக அடைக்கப் பாருங்கள். வேறு வழியே இல்லை, வீட்டில் நிம்மதி வேண்டும் என்றால் செட்டில்மெண்ட் செய்யுங்கள், அது பாவம் இல்லை. ஆனால் தெரிந்து செய்யுங்கள். எது செய்தாலும் முடிந்த அன்றே எழுத்தில் சான்று கேட்டு வாங்குங்கள். வேலை வந்த பிறகு ஓடினால் எங்களைப் போல ஒன்பது நாள் பிந்திவிடும்.

கல்விக்கடனில் கையெழுத்துப் போடப்போகிற தம்பி தங்கைகள், தவணை எந்த மாதம் தொடங்குகிறது, வட்டி மானியத்துக்கு யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற இரண்டையும் கிளையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எங்களில் ஒருவரைக் கூட்டிப்போங்கள். இப்போது எங்களுக்கு அந்தக் கேள்விகள் தெரியும்.

அந்த ஆயா போன வாரம் மன்றத்துக்கு வந்து, "பேங்குக்குப் போன புள்ள எப்ப வருவான்?" என்று கேட்டார். தம்பி உள்ளே வட்டிக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தான். "அடுத்த பரீட்சைக்கு, ஆயா" என்று அங்கிருந்தே சொன்னான்.

ஜெய் பீம்.